சாதாரணப் பயனருக்குக் கெர்னல் வசதிகளை இயல்பிலேயே மூடிவைப்பது சரியா?

வடம் (கேள்வி)

பலர் ஒரே நேரத்தில் உள்நுழைந்து கணக்கீடுகளை ஓட்டும் லினக்ஸ் சர்வர் ஒன்றைப் பராமரிக்கிறேன். பயனர் எவருக்கும் சூடோ (நிர்வாகியான ரூட்டின் அதிகாரத்தில் கட்டளை இயக்கும்) அனுமதி கிடையாது. ஆனாலும் கெர்னலின் (இயங்குதளத்தின் மையக்கரு) வசதிகளான யூசர் நேம்ஸ்பேஸ் (பயனர் தமக்கென உருவாக்கும் தனித்த எல்லை), பிபிஎஃப் (கெர்னலுக்குள் சிறு நிரல்களை ஓட்டுவது), பெர்ஃப் (செயல்திறனை அளப்பது), ஐஓ-யூரிங் (வேகமான உள்ளீடு-வெளியீட்டு வழி) போன்றவற்றை அவர்களும் தொட முடிகிறது என்பதால், அனைத்தையும் மூடிவிடுமாறு பாதுகாப்புத் தணிக்கையாளர் சொல்கிறார். சிலர் ரூட் அனுமதியின்றிப் பாட்மேன் என்ற கருவியால் கன்டெய்னர்களை (தனித்துப் பிரிக்கப்பட்ட நிரல் சூழல்களை) இயக்கி வருகிறார்கள். யூசர் நேம்ஸ்பேஸை மூடினால் அவர்கள் பணி நின்றுவிடும். எதை எந்த அடிப்படையில் மூடுவது?

ஆழ்துளை

ஒவ்வொன்றிலும் இரண்டைக் கேளுங்கள்: சாதாரணப் பயனருக்கு அது உண்மையில் தேவைப்படுகிறதா, அதன் பின்னால் எவ்வளவு கெர்னல் நிரல் திறந்துகொள்கிறது.

பிபிஎஃப் விஷயத்தில் தயங்க வேண்டாம். ரூட் அல்லாதவர் பிபிஎஃப் நிரலை ஏற்றவேண்டிய தேவை மிக அரிது. ஏற்றப்படும் நிரல் பாதுகாப்பானதா எனச் சோதிக்கும் அதன் சரிபார்ப்பானில் இருந்த சிவிஇ-2017-16995 (சிவிஇ என்பது பாதுகாப்புப் பிழைகளுக்கான பொது அடையாள எண்), சிவிஇ-2021-3490 போன்ற பிழைகளோ நேராக ரூட் அதிகாரம் வரை கொண்டுபோய்விட்டன. கெர்னல் 5.16 முதல் இயல்பமைப்பே மூடிய நிலைதான். இந்த அமைப்பின் மதிப்பை 2 என்று வைத்தால் நிர்வாகி பின்னர் திறந்துகொள்ளலாம். 1 என்று வைத்துவிட்டால் மறுதொடக்கம் வரை ரூட்டாலும் திறக்க முடியாது.

பெர்ஃப் வசதியின் கட்டுப்பாடு கெர்னல் 4.6 முதலே இயல்பாக நிலை 2-இல் இருக்கிறது. பயனர் தம்முடைய செயல்முறைகளை மட்டும், அதுவும் கெர்னலுக்கு வெளியே நடப்பதை மட்டும் அளக்கலாம். கணக்கீட்டு சர்வரில் அதையும் பறிப்பது வீண் கெடுபிடி. ஐஓ-யூரிங்குக்குக் கெர்னல் 6.6-இல் தனி அமைப்பு வந்துவிட்டது. குறிப்பிட்ட ஒரு குழுவுக்கு மட்டும் அதை விட்டுவைக்கலாம்.

கல்தச்சன்

மேற்கண்டவை எளிய பகுதி. சிக்கல் யூசர் நேம்ஸ்பேஸில்தான். அதை உருவாக்கும் பயனர் அதற்குள் ரூட்டுக்குரிய அதிகாரங்கள் முழுவதையும் பெறுகிறார். அவை அந்த எல்லைக்குள் மட்டுமே செல்லும் என்றாலும், முன்பு உண்மையான ரூட் மட்டுமே எட்டக்கூடியதாக இருந்த மவுன்ட் நிரல் (கோப்பு முறைமைகளை இணைப்பது), நெட்ஃபில்டர் நிரல் (பிணையப் பொதிகளை வடிகட்டுவது) ஆகியவற்றை இப்போது யார் வேண்டுமானாலும் எட்டலாம். மவுன்ட் நிரலில் இருந்த பிழை சிவிஇ-2022-0185, நெட்ஃபில்டர் நிரலில் இருந்தது சிவிஇ-2024-1086. இரண்டிலும் நேம்ஸ்பேஸ் நிரலில் பிழை இல்லை; வாசலைத் திறந்துவிட்டது மட்டுமே அதன் பங்கு.

அதற்காக அடியோடு மூடினாலும் இழப்பு உண்டு. குரோமியம் உலாவி தன் சாண்ட்பாக்ஸை (இணையப் பக்கங்களைத் தனித்து அடைக்கும் காப்பை) இதைக் கொண்டுதான் அமைக்கிறது. இது இல்லையென்றால் செட்யூஐடி துணைநிரல் ஒன்றை நம்பவேண்டும், அந்த நிரல் ரூட்டாகவே ஓடும். பல ஆண்டுகள் மூடிவைத்திருந்த டெபியன் லினக்ஸும் 2021-இல் வெளியான 11-ஆம் பதிப்பில் திறந்துவிட்டது.

வடம்

உபுண்டு 24.04 ஆப்ஆர்மர் (நிரல்களின் அனுமதிகளை வரையறுக்கும் காப்பு) மூலம் யூசர் நேம்ஸ்பேஸை நிரல்வாரியாக அனுமதிக்கிறதே, அந்த வழியில் பாட்மேனுக்கு மட்டும் விலக்கு அளித்தால் போதாதா?

கல்தச்சன்

மேசைக் கணினியில் நல்ல ஏற்பாடு. பிடிஎஃப் காட்டி போன்ற விலக்குப் பெறாத நிரலில் நுழைந்த தாக்குநர் புதிய நேம்ஸ்பேஸ் உருவாக்குவதை அது தடுக்கும். உங்கள் சர்வரில் பயனர் கையில் எந்தக் கட்டளையையும் இயக்க உதவும் ஷெல்லே இருக்கிறது. பாட்மேனுக்கு விலக்கு அளித்தால், பாட்மேன் வழியாகவே தம் சொந்த நிரலை நேம்ஸ்பேஸுக்குள் ஓட்டிக்கொள்வார். அனுமதி பெற்ற பிற நிரல்கள் வழியாகவும் இத்தடையைச் சுற்றிச் செல்லலாம் என்று பாதுகாப்பு நிறுவனமான குவாலிஸ் 2025 மார்ச்சில் காட்டியது.

ஆகவே கன்டெய்னர் தேவைப்படுவோரைத் தனி மெய்நிகர் கணினிக்கு மாற்றுங்கள். பொது சர்வரில் யூசர் நேம்ஸ்பேஸ் உச்ச வரம்பைச் சுழியமாக்குங்கள். அந்த வரம்பு ரூட்டுக்கும் பொருந்தும் என்பதால், யூசர் நேம்ஸ்பேஸைச் சார்ந்த சிஸ்டம்டி (பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் நிரல்) சேவைகள் இருக்கின்றனவா என்பதை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.