கிளட்ச் மாத்தியும் உலுக்கல் போகாத டீசல் வண்டிகள்: பார்த்தவங்க பகிருங்க

ஸ்பேனர்13:
கிளட்ச் பிளேட், அதை அழுத்துற பிரஷர் பிளேட், விடுவிக்கற ரிலீஸ் பேரிங் மூணும் புதுசு. ஃப்ளைவீல் (இன்ஜின் பின்பக்கம் சுத்துற கனமான சக்கரம்) மட்டும் பழைய டூயல் மாஸ், அதாவது ரெண்டு தட்டுக்கு நடுவுல ஸ்பிரிங் வெச்சு அதிர்வை வாங்குற வகை. ஓட்டும்போது ஸ்லிப் இல்லை, கியர் வெண்ணெயா விழுது. ஆனா சாவிய அணைச்ச நொடியில கீழேயிருந்து கடகடன்னு ஒரு அடி. மறுபடி கியர்பாக்ஸ் இறங்குச்சு. ஃப்ளைவீலோட வெளித்தட்டைக் கையால திருப்பினா ஸ்பிரிங் தட்டுப்படாமலே ரொம்ப தூரம் போகுது, ஓரமெல்லாம் கருப்பா கிரீஸ் தெறிச்சிருக்கு. முதல் தடவை இறக்கினப்பவே யாரும் இதைத் திருப்பிப் பார்க்கலைங்கறதுதான் இன்னும் உறுத்துது. அஞ்சு நிமிஷ வேலை. இடப்பக்கம் திருப்பி ஸ்பிரிங் தட்டுப்படுற இடத்துல ஒரு கோடு, வலப்பக்கம் திருப்பி இன்னொரு கோடு, நடுவுல ரிங் கியர்ல (ஃப்ளைவீல் ஓரத்துப் பல் வளையம்) எத்தனை பல்லுன்னு எண்ணணும். அப்புறம் டயல் கேஜ் வெச்சு விளிம்பை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கணும். அளவு பார்ட் நம்பருக்குப் பார்ட் நம்பர் மாறும், பொதுக்கணக்கு எடுபடாது.

காமன்ரெயில்:
அண்ணே, அணைக்கும்போது உலுக்கினா உடனே ஃப்ளைவீல்னு முடிவு கட்டாதீங்க. புது ஃப்ளைவீல் ஏறியும் அதே அடி அடிச்ச வண்டி உண்டு. கோளாறு இன்டேக் ஃப்ளாப்புல, அதாவது இன்ஜினுக்குக் காத்து போற வழியில இருக்கற மூடியில. பல டீசல்கள்ல, அணைக்கும்போது அந்த ஃப்ளாப் மூடி காத்தை நிறுத்தும், அதனாலதான் இன்ஜின் அமைதியா நிக்குது. கார்பன் பிடிச்சு அது திறந்தே நின்னா உலுக்கும். குழாயைக் கழட்டிட்டு ஒருத்தர் சாவிய அணைக்க, இன்னொருத்தர் ஃப்ளாப் அசையுதான்னு பார்த்தா தெரிஞ்சுடும். ஐடில்ல சத்தம் வந்தா ஸ்கேனர்ல, ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கற இன்ஜெக்டர் கரெக்‌ஷனையும் பாருங்க. ஒரு சிலிண்டர் மட்டும் தனியா விலகி நின்னா, அந்த ஏற்ற இறக்கம் முழுக்க ஃப்ளைவீல் ஸ்பிரிங் தலையிலதான் விடியும். அதைச் சரிபண்ணாம போட்டா புது ஃப்ளைவீலும் சீக்கிரம் தளர்ந்துடும்.

ரிங்கியர்:
டூயல் மாஸே வேண்டாம், சிங்கிள் மாஸ் கிட் (உள்ளே ஸ்பிரிங் இல்லாத ஒரே தட்டு ஃப்ளைவீல்) போட்டுட்டா தொல்லை தீர்ந்தது. அப்படி மாத்தின வண்டி ஒண்ணு இன்னும் ஓடுது.

ஸ்பேனர்13:
ஓடும், யார் இல்லைன்னா? நியூட்ரல்ல நிறுத்தி கிளட்ச் பெடலை விட்டுக் கேளுங்க. கியர் பல்லுகள் ஒண்ணோட ஒண்ணு தட்டுற சத்தம் வரும்; பெடலை மிதிச்சா நிக்கும். டூயல் மாஸோட வளைஞ்ச நீள ஸ்பிரிங் வாங்கிக்கிட்ட அதிர்வை பிளேட் நடுவுல இருக்கற குட்டி ஸ்பிரிங்குகளால முழுசா வாங்க முடியாது. மிச்சம் கியர்பாக்ஸுக்குத்தான் போகும். டார்க் (திருப்பு விசை) அதிகமான இன்ஜினுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்.

பெல்ஹவுசிங்:
எல்லாப் பார்ட்டும் புதுசு, ஃப்ளைவீலும் புதுசு. ஆனா முதல் கியர்ல வண்டி எடுக்கும்போது தடதடன்னு நடுங்குச்சு. பிரிச்சா, கிளட்ச் பிளேட்டோட நடுப்பகுதி வளைஞ்சிருக்கு. கியர்பாக்ஸ ஏத்தும்போது அதோட முழு கனத்தையும் இன்புட் ஷாஃப்ட் (கிளட்ச் பிளேட் ஏறுற கியர்பாக்ஸ் தண்டு) வழியா பிளேட் மேல தொங்க விட்டிருக்காங்க. பெல் ஹவுசிங்ல (கிளட்சை மூடுற கியர்பாக்ஸ் கூடு) இடம் பிசகாம பிடிக்கற டவல் பின்கள்ல ஒண்ணு காணாம போயிருக்கு.

யாரும் கேட்கலைன்னாலும் சொல்லிடறேன், இங்கதான் வேலை கெடுது. ஃப்ளைவீல் போல்ட் திரும்பப் போடக்கூடாது, நீண்டு இறுகுற வகை. சில ஃபோக்ஸ்வாகன் டீசல்ல 60 நியூட்டன் மீட்டர் இறுக்கம், அதுக்கு மேல 90 டிகிரி திருப்பு. உங்க இன்ஜினுக்கு மேனுவல்ல உள்ளதைப் போடுங்க. புது பிரஷர் பிளேட் முகத்துல துருப்பிடிக்காம எண்ணெய் தடவியிருக்கும், பிரேக் கிளீனர் நனைச்ச துணியால துடைங்க. டூயல் மாஸ் மேல கிளீனரை நேரா ஸ்ப்ரே பண்ணாதீங்க, உள்ளே போனா கிரீஸைக் கரைச்சுடும். ஷாஃப்ட்டோட ஸ்ப்லைன்ல (பல் வெட்டு) கிரீஸ் மெல்லிசா ஒரு பூச்சு போதும். பிளேட்டை ஒரு தடவை ஷாஃப்ட்ல ஏத்தி இறக்கி, வழிஞ்சதைத் துடைச்சுடுங்க. மிச்சம் இருந்தா சுத்துற வேகத்துல லைனிங்ல (பிளேட்டோட உராய்வுப் பரப்பு) தெறிக்கும். பிளேட்ல கியர்பாக்ஸ் பக்கம் எதுன்னு எழுதியிருக்கும், மாத்திப் போட்டா ஃப்ளைவீல் போல்ட்ல உரசும். பிளேட்டை நடுவுல நிறுத்துற சென்டரிங் டூல் இல்லாம கண் மதிப்புல வெக்காதீங்க. பிரஷர் பிளேட் போல்ட்டை எதிரெதிரா, கால் சுத்து கால் சுத்தா இறுக்கணும். தானா அட்ஜஸ்ட் ஆகிற வகைன்னா அதுக்கான டூலால ஸ்பிரிங்க அழுத்தி வெச்சுத்தான் இறுக்கணும். இல்லேன்னா உள்ளே இருக்கற வளையம் நகர்ந்து, பெடலை முழுக்க மிதிச்சாலும் கிளட்ச் விடாது. கடைசியா, பெல் ஹவுசிங் இன்ஜினோட கையாலயே ஒட்டி உட்காரணும். இடைவெளி இருக்கும்போது போல்ட்டால இழுக்கிறது பிளேட்டை வளைக்கிற வேலை.

காமன்ரெயில்:
சென்டரிங் சரி. ஆனா கிராங்க் ஷாஃப்ட் பின்பக்க ஆயில் சீலை (இன்ஜின் எண்ணெய் கசியாம தடுக்கற வளையம்) யாருமே சொல்லலையே? ஃப்ளைவீல் கழண்டிருக்கும்போது சீலுக்குக் கீழே ஈரம் தெரிஞ்சா அப்பவே மாத்திடணும். எண்ணெய் பட்ட லைனிங்க துடைச்சுக் காப்பாத்த முடியாது.

டாட்4:
புது ஸ்லேவ் சிலிண்டர் (பெடல் அழுத்தத்தை வாங்கி கிளட்சை விடுவிக்கறது), பெடல் தரையோட கிடக்குது. பேரிங்கோட சேர்ந்த உள்வகை. மாட்டறதுக்கு முன்னாடி சோதிக்கறேன்னு கையால அமுக்கியிருக்காங்க, சீல் கிழிஞ்சு பெல் ஹவுசிங் அடியில ஃப்ளூயிட் சொட்டுது. அதுக்காக கியர்பாக்ஸ் திரும்ப இறங்குது. அதை வெளியில வெச்சு அமுக்கவே கூடாது. ஏத்தி முடிச்சதும் ஃப்ளூயிட் ஊத்தி ப்ளீட் பண்ணி உள்ள இருக்கற காத்தை வெளியேத்துங்க, முதல் சில மிதிகளை மெதுவா மிதிங்க.