சர்ச்சைக்குரிய சிலை: பலகை போதுமா, இறக்கத்தான் வேண்டுமா?

பீடம்: அடிமை வணிகத்தில் பணம் சேர்த்தவருக்குப் பொது இடத்தில் நிற்கும் வெண்கலச் சிலை. விளக்கப் பலகை போதும் என்கிறது ஒரு தரப்பு, இறக்கியே ஆகணும் என்கிறது இன்னொன்று. பலகையில் என்ன எழுதுவது? இறக்குவதானால் எங்கே சிக்கும்?

கல்வெட்டுக்காரன்: பலகையில் சிக்குவது வாசகம்தான். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் அடிமை வணிகர் எட்வர்ட் கோல்ஸ்டன் சிலைக்கு 2018-இல் இரண்டாவது பலகை வைக்கப் பார்த்தார்கள். வாசகத்தை ஆளாளுக்குத் திருத்தி இழுபறியாகி, பலகை வரவே இல்லை. 2020 ஜூன் 7 அன்று கூட்டம் சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் துறைமுகத் தண்ணீரில் தள்ளிவிட்டது. அதனால் வாசகத்துக்குக் கெடு வையுங்கள்.

அவர் செய்ததை ஆண்டோடு எழுதுங்கள். சிலையை யார், எப்போது வைத்தார்கள் என்பதையும் சேருங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். கோல்ஸ்டன் இறந்தது 1721, சிலை வந்தது 1895. நடுவில் 174 வருஷம்! "சர்ச்சைக்குரிய" என்ற சொல் மட்டும் பலகையில் வேண்டாம், எதையும் சொல்லாமல் நழுவுகிற சொல் அது.

வார்ப்பாளன்: இறக்குவதானால் கிரேனுக்கு முன்னால் கேமரா. வெண்கலச் சிலை உள்ளே வெறும் கூடு. பழைய சிலைகளில் பெரும்பாலும் இரும்புச் சட்டம் இருக்கும்; ஈரத்தில் வெண்கலத்தோடு ஒட்டி நிற்கும் இரும்பு சீக்கிரம் அரிக்கும், வெளியே தெரியாது. சின்னத் துளை வழியே எண்டோஸ்கோப் (குழாய் முனையில் கேமரா) விட்டுப் பாருங்க. கை, கழுத்தில் தூக்கும் பெல்ட் போட்டால் பிய்ந்து வந்துவிடும், உடம்பைச் சுற்றித்தான் போடணும். பீடத்துக்குள் போல்ட்டை ஈயம் ஊற்றி இறுக்கியிருப்பார்கள். அதை அறுக்காமல் தூக்கினால் கணுக்கால் கிழியும். எடையை ஊகிக்காதீங்க, கொக்கியில் லோட் செல் (எடை காட்டும் கருவி) மாட்டி, ஒரு அங்குலம் தூக்கி நிறுத்திப் பாருங்க.

போகும் வழியையும் அளக்கணும். அமெரிக்காவின் ரிச்மண்டில், உள்நாட்டுப் போரில் அடிமை முறையை ஆதரித்த தென் மாநிலங்களின் தளபதி ராபர்ட் லீ சிலை 21 அடி, சுமார் 12 டன். 2021-இல் பாலங்களுக்கு அடியில் போகணுமே என்று இடுப்போடு இரண்டாக அறுத்துத்தான் லாரியில் ஏற்றினார்கள். பீடத்தை அவசரப்பட்டு உடைக்காதீங்க. அங்கே செப்டம்பரில் தேடியும் அகப்படாத காலப்பெட்டகம் (பின்னால் வருபவர்களுக்காகப் பொருள்களைப் போட்டு மூடி வைத்த பெட்டி), டிசம்பரில் பீடத்தைப் பிரித்தபோதுதான் கிடைத்தது.

பீடம்: இறக்காமல் வேறு வழி?

ஆவணப்பித்தன்: இருக்கு. இத்தாலியின் போல்சானோவில் முசோலினி குதிரைமேல் இருக்கும் புடைப்புச் சிற்பத்தை இறக்கவில்லை. 2017-இல் அதன் மேலேயே, கீழ்ப்படிய யாருக்கும் உரிமையில்லை என்ற பொருளில் மூன்று மொழிகளில் ஒளிரும் எழுத்தைப் பொருத்தினார்கள்.

மியூசியத்துக்குப் போகுமென்றால் பெயின்ட் கிறுக்கலைத் தேய்க்கவே கூடாது, அதுவும் இப்போது ஆவணம். கோல்ஸ்டனைச் சேறு போகக் கழுவி, பெயின்டைக் காப்பாற்றி, எம் ஷெட் அருங்காட்சியகத்தில் படுத்த நிலையிலேயே வைத்தார்கள். கழுவும்போது உள்ளிருந்து 1895-ஆம் ஆண்டுப் பத்திரிகை ஒன்று சுருட்டியபடி வந்தது. அதனால் உள்ளே தண்ணீரைப் பீய்ச்சியடிக்காதீங்க. மியூசியத்தின் ஒப்புதல் கடிதம் கைக்கு வராமல் கிரேனையும் கூப்பிடாதீங்க.