கியர்பாக்ஸ் பூட்டிக்கொண்டால் கிளட்ச் காப்பாற்றாது

குழு: நம் வீடு

*செவ்வாய்*

அக்கா: [படம்] இது என் அலுவலகக் குழுவில் வந்தது. கியர்பாக்ஸ் உதிரிபாகத்தில் கோளாறு என்று ஒரு மோட்டார் சைக்கிள் மாடலைத் திரும்ப அழைக்கிறார்களாம். படத்தில் இருப்பது தம்பியின் வண்டி போலவே இருக்கிறது. யாராவது கொஞ்சம் பாருங்கள்.

அத்தான்: தினம் ஒன்று இப்படி வந்துகொண்டுதான் இருக்கிறது. அதைவிட, கீழே ஓர் இணைப்பு இருக்கிறதே, அதை யாரும் தொடாதீர்கள்.

நான்: இணைப்பைப் பற்றி அத்தான் சொல்வது சரி. வண்டியின் அடையாள எண்ணான சேசிஸ் எண்ணைக் கேட்டுவிட்டு அடுத்து ஓடிபி கேட்கும் போலிப் பக்கங்கள் நிறைய உண்டு. ஆனால் செய்தி பொய்யில்லை. நிறுவனத்தின் சொந்த இணையதளத்துக்கே போய்ப் பார்த்தேன், அறிவிப்பு இருக்கிறது. மாடலும் அதுதான், தயாரிப்பு ஆண்டும் அதுதான். தம்பி, எங்கே இருக்கிறாய்?

தம்பி: வேலையில் இருக்கிறேன் அண்ணா. எனக்குக் கடிதமோ அழைப்போ எதுவும் வரவில்லையே.

நான்: எப்படி வரும்? நீ இன்னொருவரிடமிருந்து வாங்கிய வண்டி அது. நிறுவனத்தின் கணக்கில் இன்னும் முதல் சொந்தக்காரரின் முகவரியும் தொலைபேசி எண்ணும்தான் இருக்கும். பழைய வண்டி வாங்கியவர்கள் தாங்களாகத் தேடிப் பார்த்தால்தான் உண்டு.

தம்பி: வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. கியரில் ஒரு சத்தம்கூடக் கிடையாது. போன வாரம்தான் ஆயில் மாற்றினேன்.

நான்: நன்றாக ஓடுவது ஒரு சான்றே இல்லை. முதலில் சேசிஸ் எண்ணைப் படம் எடுத்து அனுப்பு. பதிவுச் சான்றிதழில் இருக்கும். வண்டியில் என்றால், ஹேண்டிலுக்குக் கீழே சட்டத்தின் கழுத்தில் அடித்திருப்பார்கள். மொத்தம் 17 எழுத்துகளும் எண்களும். அழுக்கைத் துடைத்துவிட்டு எடு. அதில் ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வராது. ஒன்றையும் பூஜ்யத்தையும் அவற்றோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்கத்தான் விட்டுவிட்டார்கள். எனவே வட்டமாகத் தெரிவதைப் பூஜ்யம் என்று படி.

சித்தப்பா: ஒரே மாடலில் சில வண்டிகளை மட்டும் அழைக்கிறார்களே, அது எப்படி? கோளாறு என்றால் எல்லாவற்றிலும்தானே இருக்க வேண்டும்?

நான்: நல்ல கேள்வி சித்தப்பா. கியர் பல்சக்கரங்களை வெட்டி முடித்ததும் சூளையில் வைத்துக் கெட்டிப்படுத்துவார்கள். மேல்தோல் தேயாத அளவுக்குக் கடினமாகவும், உள்ளே அடியைத் தாங்கும் அளவுக்கு இளக்கமாகவும் இருக்க வேண்டும். ஒரு தவணையில் சூடோ நேரமோ தவறிவிட்டால் அந்தத் தவணையில் வெந்த அத்தனை சக்கரங்களும் பலவீனம். அடுத்த தவணை நன்றாக இருக்கும். எந்தத் தவணைச் சக்கரம் எந்த வண்டிக்குள் போயிற்று என்பது தொழிற்சாலைக் கணக்கில் இருப்பதால்தான் சேசிஸ் எண்ணை வைத்துப் பிரிக்க முடிகிறது. வடிவமைப்பிலேயே பிசகு என்றால் மொத்த மாடலையும் அழைத்தாக வேண்டும்.

சித்தப்பா: அப்படியும் நடந்திருக்கிறதா?

நான்: பெரிய நிறுவனங்களுக்கே நடந்திருக்கிறது. 2015ஆம் ஆண்டு மாடல் யமஹா ஆர்1 வண்டிகளில் இரண்டாவது கியரின் சக்கரங்கள் உடையக்கூடும் என்று திரும்ப அழைத்து, கியர்பாக்ஸையே மொத்தமாக மாற்றிக் கொடுத்தார்கள். அவர்கள் அழைத்ததைக் குறையாக நினைக்கக் கூடாது. தெரிந்தும் அழைக்காமல் விடுவதுதான் குற்றம்.

தம்பி: [படம்] இதோ எண்.

நான்: கொஞ்சம் பொறு, பார்த்துச் சொல்கிறேன்.

நான்: உன் வண்டி பட்டியலில் இருக்கிறது.

அம்மா: என்னப்பா சொல்கிறாய்? அந்த வண்டியில் இப்போது வீட்டுக்கு வரலாமா வேண்டாமா?

நான்: வேண்டாம் அம்மா. சில அறிவிப்புகளில் வசதிப்பட்டபோது கொண்டுவாருங்கள் என்று இருக்கும். இதில் சரிசெய்யும் வரை ஓட்ட வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்கள். இந்த வரியை அவர்கள் சும்மா எழுதுவதில்லை.

தம்பி: அண்ணா, மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்துவிடுகிறேனே. ஏதாவது ஆனால் கிளட்சைப் பிடித்தால் போயிற்று.

நான்: இதை எல்லாரும் நம்புகிறார்கள், அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. கவனமாகப் படி. எஞ்சினின் விசை முதலில் கிளட்சுக்கு வருகிறது, அங்கிருந்து கியர்பாக்ஸ், பிறகு செயின், கடைசியில் பின்சக்கரம். எஞ்சின் இறுகிப்போனால் கிளட்சைப் பிடித்துத் தப்பலாம், ஏனென்றால் கிளட்ச் எஞ்சினைத்தான் துண்டிக்கிறது. கியர்பாக்ஸோ கிளட்சுக்கு இந்தப் பக்கம், பின்சக்கரத்தோடு சேர்ந்து இருக்கிறது. உடைந்த பல்லொன்று இரண்டு கியர் சக்கரங்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டால், அவற்றைத் தாங்கும் தண்டான ஷாஃப்ட் நிற்கும், செயின் நிற்கும், பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். நீ கிளட்சை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் அது விடாது. பின்பிரேக்கை முழுதாக மிதித்து, மறுபடி எடுக்கவே முடியாமல் போனால் எப்படி இருக்கும், அதுதான்.

அத்தான்: இது எனக்கே புதிய செய்தி. இத்தனை வருடம் ஓட்டியும் யாரும் சொன்னதில்லை. நியூட்ரலுக்குத் தட்டினால்கூட விடாதா?

நான்: கியர் சக்கரங்களுக்கு நடுவே இரும்புத் துண்டு மாட்டியிருக்கும்போது நியூட்ரலை நம்ப முடியாது அத்தான். அந்தச் சக்கரங்கள் எந்தக் கியரில் இருந்தாலும் ஒன்றோடொன்று பல் கோத்தபடியேதான் சுற்றுகின்றன. நாம் கியர் மாற்றும்போது, எந்தச் சக்கரத்தை ஷாஃப்டோடு இணைப்பது என்பது மட்டும்தான் மாறுகிறது.

தம்பி: ஆனால் உடைவதற்கு முன்னால் ஏதாவது அறிகுறி காட்டும் அல்லவா?

நான்: சில நேரம் காட்டும். ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது கியர் தானாகக் கழன்றுவிடுவது, புதிதாக ஒரு ஊளைச் சத்தம், வடித்த ஆயிலில் மினுமினுக்கும் இரும்புத்தூள். ஆனால் பல்லின் அடியில் மயிரிழை விரிசல் விழுந்தால் ஓட்டுபவனுக்கு எதுவும் தெரியாது. பல் ஒவ்வொரு முறை சுமை ஏற்கும்போதும் அது இம்மி இம்மியாக வளரும். முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போகும்போது இடி அதிகம், ஏனென்றால் அந்த இரண்டுக்கும்தான் வேக வித்தியாசம் பெரிது. நீ மெதுவாகப் போகிறேன் என்கிறாய். மெதுவாகப் போனாலும் முதலையும் இரண்டையும் தாண்டித்தானே ஆக வேண்டும்?

அம்மா: சின்னவனே, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வா. சாவியை வந்ததும் என் கையில் கொடு.

தம்பி: சரி அம்மா.

*புதன்*

தம்பி: சர்வீஸ் சென்டருக்குத் தொலைபேசினேன். உதிரிபாகம் இன்னும் வரவில்லையாம், அதுவரை ஓட்டுங்கள், ஒன்றும் ஆகாது என்கிறார்.

அக்கா: அறிவிப்பில் ஓட்டாதே என்று இருக்கிறது, இவர் ஓட்டு என்கிறாரா?

நான்: வாயால் சொன்னதை விட்டுவிடு. "ஓட்டலாம் என்பதை எழுத்தில் தாருங்கள்" என்று கேள், கட்டாயம் தரமாட்டார். நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் பேசு. சேசிஸ் எண்ணைச் சொல்லி, ஓட்டக் கூடாத வண்டி என்பதால் ஏற்றிக்கொண்டு போக ஏற்பாடு செய்யச் சொல். புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள். பேசும்போதே உன் பெயரையும் முகவரியையும் அவர்கள் கணக்கில் மாற்றிவிடு, அடுத்த அறிவிப்பாவது உன்னிடம் வரட்டும்.

தம்பி: இரண்டாவது சொந்தக்காரன், உத்தரவாதக் காலமும் முடிந்துவிட்டது என்று பணம் கேட்டால்?

நான்: கேட்கக் கூடாது. உத்தரவாதம் வேறு, இது வேறு. பாதுகாப்புக் குறை என்று அவர்களே ஒப்புக்கொண்டு அழைக்கும் வேலை இது, வண்டி இப்போது யாரிடம் இருந்தாலும் இலவசம்தான்.

சித்தப்பா: நமக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்தால் ஒரே நாளில் திறந்து பார்த்துவிடுவாரே?

நான்: வேண்டாம் சித்தப்பா. பெரும்பாலான வண்டிகளில் கியர்பாக்ஸை எடுக்க எஞ்சினைச் சட்டத்திலிருந்து இறக்கி, எஞ்சினின் உலோகக் கூடான கிராங்க்கேஸை இரண்டாகப் பிளக்க வேண்டும். எஞ்சினுக்கும் கியருக்கும் ஆயில் ஒன்றேதான். அவர் நல்ல கைக்காரர்தான், ஆனால் சரியான தவணைப் பாகம் அவரிடம் இருக்காது. வெளியில் திறந்த எஞ்சின் என்று சொல்லி அங்கே கைவிரித்துவிட்டால் நமக்குத்தான் நஷ்டம்.

தம்பி: பேசிவிட்டேன் அண்ணா. வாடிக்கையாளர் சேவையில் மரியாதையாகவே பேசினார்கள். நாளை வண்டியை ஏற்றிப்போக ஆள் அனுப்புகிறார்கள். புகார் எண்ணும் வாங்கிவிட்டேன்.

நான்: நல்லது. ஜாப் கார்டில், அதாவது சர்வீஸ் சென்டர் தரும் வேலைச் சீட்டில், 'கியர்பாக்ஸ் செக்அப்' என்று மட்டும் எழுதினால் கையெழுத்துப் போடாதே. திரும்ப அழைப்பின் எண், மாற்றப்போகும் பாகத்தின் பெயர், கிலோமீட்டர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். பிற்பாடு நீ விற்கும்போது வாங்குபவருக்குக் காட்டவும் அது உதவும்.

*சில வாரங்களுக்குப் பிறகு*

தம்பி: [படம்] வேலை முடிந்துவிட்டது. பழைய சக்கரங்களைக் கேட்டேன், நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டுமாம், கையில் வைத்துக் காட்டினார்கள். ஒவ்வொரு பல்லாக விரலால் தடவிப் பார்த்தேன். கீறல் இல்லை, கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

நான்: தெரியாதுதான். மயிரிழை விரிசல் இருந்தால்கூட, காந்தத்தூள் தூவுவது, சாயம் ஊற்றுவது போன்ற சோதனைகளில்தான் கண்டுபிடிக்க முடியும். முதல் சில நூறு கிலோமீட்டர் அதிகம் முறுக்காதே. எந்தக் கிலோமீட்டரில் ஆயிலை மாற்றச் சொன்னார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டாயா?

தம்பி: ஜாப் கார்டிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அத்தான்: மாப்பிள்ளை, என் வண்டியின் எண்ணையும் அப்பாவின் ஸ்கூட்டர் எண்ணையும் தனியாக அனுப்பியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

நான்: உங்கள் வண்டிக்கு எதுவும் இல்லை அத்தான். ஸ்கூட்டரின் படத்தில் கடைசி நான்கு எண்கள் மங்கலாக இருக்கின்றன, துடைத்துவிட்டு மறுபடி எடுத்து அனுப்புங்கள்.

சித்தப்பா: தம்பியிடம் இருக்கும் மாடலையே என் நண்பரின் மகனும் வைத்திருக்கிறான். நேற்று எண்ணை வாங்கிப் பார்த்தோம், அவனுடையதும் பட்டியலில் இருக்கிறது. அவனும் இன்னொருவரிடமிருந்து வாங்கியதுதான், கடிதம் வரவில்லை. வாடிக்கையாளர் சேவை எண்ணை இங்கே போடு சின்னவனே, அவனுக்கு அனுப்ப வேண்டும்.

தம்பி: இதோ அனுப்புகிறேன் சித்தப்பா. அதுவரை ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.