'எக்ஸ்பயர்ட்' பாட்டிக்கா, பால் டப்பாவுக்கா?

செந்தூல்_சிவா:
போன வாரம் பாட்டி தவறிட்டாங்க. ஆபிஸ் வாட்ஸ்அப்பில் "மை கிராண்ட்மதர் எக்ஸ்பயர்ட்" என்று போட்டு லீவு கேட்டேன். "பால் டப்பாவா அது, எக்ஸ்பயர்ட் ஆக?" என்று சூப்பர்வைசர் பக்கத்து ஆளிடம் சிரித்தது என் காதில் விழுந்தது. அப்பா காலத்தில் எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள். தப்பா?

பினாங்கு_டீச்சர்:
தப்பே இல்லை, தம்பி. லத்தீனில் அதற்கு மூச்சை வெளியே விடுவது என்று பொருள். கடைசி மூச்சு. இந்தியாவில் இன்றும் அப்படி எழுதுகிறார்கள்.

பிரிக்பீல்ட்ஸ்_ராஜா:
லத்தீன் இங்கே மலேசியாவில் யாருக்குத் தெரியும், டீச்சர்? 'நாற்றம்' ஒரு காலத்தில் நறுமணம்தான். இன்றைக்கு மாமியார் வைத்த குழம்பை நாற்றம் என்று சொல்லிப் பாருங்கள்.

பினாங்கு_டீச்சர்:
அப்போ சிரித்தவன் சரி, துக்கத்தில் இருந்தவன் தப்பு. அப்படித்தானே?

பிரிக்பீல்ட்ஸ்_ராஜா:
சிரித்தது அநாகரிகம், அது வேற கதை லா. மலாய் மொழியில் சாவைச் சொல்வதைப் பாருங்கள்: சுல்தானுக்கு 'மங்காட்', நமக்கு 'மெனிங்கல் துனியா', பூனைக்கு 'மாத்தி'. மாற்றிச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். ஆங்கிலத்தில் 'பாஸ்ட் அவே' போட்டால் வம்பே இல்லை.

ஜெலுத்தோங்_மணி:
'பாஸ்ட் அவே' எனக்கு என்னமோ வழுக்குகிறது. ஆங்கிலப் பத்திரிகைகளில் சாதாரணமாக 'டைட்' என்றே போடுகிறார்கள், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் கிடையாது. நாம்தான் மனசுக்குள் 'செத்தான்' என்று மொழிபெயர்த்துக்கொண்டு பயப்படுகிறோம். பயப்பட வேண்டியது 'கிக் த பக்கெட்'டுக்கு. பள்ளியில் படிக்கும்போது தாத்தா இறந்ததைப் பற்றிய கட்டுரையில், பெரிய மரபுத்தொடர் என்று நினைத்து அதைப் போட்டேன். வாத்தியார் சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் தமிழில் "மண்டையைப் போட்டாரா?" என்று எழுதியிருந்தார். 1785-இல் கிரோஸ் என்ற ஆங்கிலேயர் போட்ட கொச்சை அகராதியிலேயே அது இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

பினாங்கு_டீச்சர்:
'டைட்' பத்திரிகைக்குச் சரி, மணி. சொந்தப் பாட்டிக்கு அந்தச் சொல்லை எழுதக் கை வராது. தம்பி எழுதியதில் குறை ஒன்றும் இல்லை, நான் மாற மாட்டேன்.

பிரிக்பீல்ட்ஸ்_ராஜா:
நீங்க மாற வேண்டாம் டீச்சர். லீவு கொடுக்கிறது நீங்க இல்லையே!

செந்தூல்_சிவா:
சண்டை அப்புறம். அடுத்த வாரம் கருமாதிக்கு லீவு கேட்கணும். அதை எப்படி எழுதுவது, ராஜா அண்ணே?

பிரிக்பீல்ட்ஸ்_ராஜா:
'சிக்ஸ்டீன்த் டே பிரேயர்ஸ்' என்று போடுங்க. இங்கே அது எல்லாருக்கும் புரியும்.

பினாங்கு_டீச்சர்:
இதில் மட்டும் ராஜா சொல்வது சரி. தேதியையும் போட்டுவிடு, தம்பி.