மறு: 'எலும்புக் குறைபாடு' வேண்டாம், 'கூடா இடைவெளி' என்போம்

குழுவினருக்கு வணக்கம். எலும்புச் சிகிச்சை பற்றிய நோயாளிகளின் துண்டறிக்கைக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். 'கிரிட்டிகல் சைஸ் டிஃபெக்ட்' என்பதற்கு நம்மில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> 'மாறுநிலை அளவு எலும்புக் குறைபாடு' என்றால் மூலச்சொல்லின் எல்லா உறுப்புகளும் தமிழில் வந்துவிடுகின்றன.

வந்துவிடுகின்றன, ஐயா. ஆனால் நோயாளியின் வீட்டார்க்குப் பொருள் போய்ச் சேர வேண்டுமே! என் சித்தப்பா லாரி மோதிக் கணுக்காலுக்கு மேலே எலும்பில் ஒரு துண்டையே இழந்தவர். மருத்துவமனையில் கொடுத்த படிவத்தில் 'பெரிய எலும்புக் குறைபாடு' என்றிருந்தது. சத்துக் குறைபாடு, வைட்டமின் குறைபாடு என்றே கேட்டுப் பழகிய சித்தி, தன் சமையலில்தான் ஏதோ குறை வைத்துவிட்டதாக எண்ணிப் பல நாள் கலங்கியிருந்தார். ஒரு சொல் செய்த வேலை அது.

அவரைப் பார்க்க வந்த ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: எலும்பு கூடிவிட்டதா? முறிந்த எலும்பு 'கூடும்', அல்லது 'கூடாது'. இந்த வினை நம் நாவில் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே 'நான்யூனியன்' என்பதற்குக் 'கூடா முறிவு'. துண்டு இழந்து, தானாக ஒருபோதும் மூடாத 'கிரிட்டிகல் சைஸ் டிஃபெக்ட்' என்பதற்குக் 'கூடா இடைவெளி'. 'கிரிட்டிகல்' என்பதற்கு 'மாறுநிலை' இயற்பியலில் பொருந்தும்; மாறுநிலை வெப்பநிலைக்குத் திட்டமான எண் உண்டு. எலும்பில் எந்த எலும்பு, சுற்றிலும் தசை எவ்வளவு மிஞ்சியது என்பதைப் பொறுத்து அளவு மாறும். மாறாதது, கூடாமை ஒன்றே.

'கூடா' என்பது 'தகாத' என்று ஒலிக்கும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் குறளின் 'கூடா நட்பு' அதிகாரத்திலும் உள்ளத்தால் கூடாத நட்பு என்பதே உரை. நாம் புதிதாக எதையும் வளைக்கவில்லை.

இரண்டு சொற்கள் ஏன் என்று கேட்கப்பட்டது. சிகிச்சையே இரண்டாக இருக்கிறது. பிரான்சில் எலும்பு மருத்துவர் எர்னிகூவின் குழுவினர் இடுப்பெலும்பின் உள்ளிருக்கும் மஜ்ஜையை உறிஞ்சி, செறிவாக்கி, கூடாத கீழ்க்கால் எலும்பில் ஊசிவழி செலுத்தினார்கள். 2005இல் வெளியான கணக்கில் 60 பேரில் 53 பேருக்குக் கூடியது. கூடாத 7 பேருக்குச் செலுத்திய மஜ்ஜையில் எலும்பாக வளரவல்ல செல்கள் குறைவாக இருந்தன. அது கூடா முறிவு. இத்தாலியில் குவார்ட்டோ, கான்செட்டா முதலியோர் 2001இல் அறிவித்த மூவருக்கோ 4 முதல் 7 செ.மீ. வரை எலும்பே இல்லை. அங்கே செல்லை ஊற்றினால் எதைப் பற்றி நிற்கும்? ஆகவே அவரவர் மஜ்ஜைச் செல்லை ஆய்வகத்தில் பெருக்கி, துளைகள் நிறைந்த ஹைட்ராக்ஸிஅபடைட் (எலும்பிலுள்ள கால்சியக் கனிம வகை) கட்டியில் ஏற்றி இடைவெளியில் பொருத்தினார்கள்.

அந்தக் கட்டிக்குத்தான் 'ஸ்காஃபோல்ட்' என்று பெயர். பலரும் 'சாரம்' என்கிறீர்கள். கொத்தனார் சொல், எனக்கும் பிடித்த சொல். ஆனால் சாரத்தை வெளியே கட்டுவோம், வேலை முடிந்ததும் பிரித்துவிடுவோம். அந்த நோயாளிகளை ஆறேழு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் கட்டி கரையாமல் புது எலும்போடு பிணைந்தே இருந்தது. வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியைப் பாருங்கள்: கொடி அதைப் பற்றி ஏறும், தழைத்த பிறகும் அது உள்ளே நிற்கும். 'கொழுகொம்பு' என்பது என் பரிந்துரை. கொம்பு குச்சியாயிற்றே, இது கட்டியாயிற்றே என்பது உண்மை. வடிவத்தைவிடத் தொழில் முக்கியம் என்று கருதுகிறேன். கரைந்துபோகும் வகைக்குக் 'கரையும் கொழுகொம்பு' எனலாம்.

மஜ்ஜையில் உள்ள, எலும்பாக வளரவல்ல செல்களை 'ஸ்டெம் செல்' என்பதா என்ற நெடிய சண்டையை இந்த இழையில் தொடர வேண்டாம். அவற்றுக்கு 'மீசென்கைமல் ஸ்டெம் செல்' என்ற பெயரை 1991இல் பரப்பிய அமெரிக்க உயிரியலாளர் ஆர்னால்ட் கேப்லனே பின்னாளில் அதை மாற்றச் சொன்னார். அவரே கைவிட்ட சொல்லைத் தண்டணு, குருத்தணு என்று தமிழாக்கி நாம் ஏன் சுமக்க வேண்டும்? இங்கே 'மஜ்ஜைச் செல்' போதும். 'மஜ்ஜை' வடசொல் என்பவர்களுக்கு: சித்த மருத்துவத்தின் ஏழு தாதுக்களில் அதன் பெயர் 'மூளை'. அழகான பழஞ்சொல்தான். ஆனால் இன்று 'மூளைச் செல் சிகிச்சை' என்று அச்சிட்டால் காலுக்கு வந்தவர் தலையைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்.

நோயாளிகளுக்கான துண்டறிக்கையின் முதல் வரியை இப்படி எழுதியிருக்கிறேன்: "உங்கள் காலில் உள்ள கூடா இடைவெளியில், உங்கள் மஜ்ஜைச் செல்கள் ஏற்றிய கொழுகொம்பு ஒன்றைப் பொருத்துவோம்." இதை வீட்டில் பெரியவர் ஒருவரிடம் படித்துக் காட்டி, அவர் என்ன புரிந்துகொண்டார் என்று எழுதுங்கள். 'கொழுகொம்பு' இடறினால் மாற்றிவிடுகிறேன். 'கூடா'வை மட்டும் எளிதில் விடமாட்டேன்.

அன்புடன்.