"சொஃப்ட்வெயர் என்னுடையது, பாட்டும் என்னுடையது" என்றவர்களைச் சந்தித்திருக்கிறீர்களா?

வெள்ளவத்தை கீபோர்ட்:
காலி வீதியில் ஒரு புடவைக் கடைக்குத் தீபாவளி விளம்பர மெட்டு போட்டேன். மெட்டு, வாசிப்பு, மிக்ஸிங் எல்லாம் நான். வேலை செய்த இடம் மட்டும் தெரிந்தவர் ஒருவரின் ஸ்டூடியோ, அவர் காசு கொடுத்து வாங்கிய எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசை சொஃப்ட்வெயர், மணிக்கணக்கில் வாடகையும் கட்டியாச்சு. விளம்பரம் ஓடத் தொடங்கியதும் மனிசன் கடை முதலாளிக்கே கோல் எடுத்து, லைசென்ஸ் என் பெயரில், அதில் செய்த பாட்டும் எனக்குத்தான், பங்கு வேணும் என்றிருக்கிறார். முதலாளி என்னைக் கல்லாவுக்கு முன்னால் நிற்க வைத்து, ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "தம்பி, இது ஆற்றை பாட்டு?" என்று கேட்டார். புடவை மடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். யாருக்காவது இப்படி நடந்ததா?

கொட்டாஞ்சேனை பீட்ஸ்:
எனக்கு வேறு மாதிரி. ஆப்பிளின் இசை சொஃப்ட்வெயர் கராஜ்பேண்டில் வரும் தபேலா லூப்புக்கு (திரும்பத் திரும்ப ஓடும் ரெடிமேட் இசைத் துண்டு) மேலே என் மெட்டு. யூடியூபில் ஏற்றிவிட்டுச் சாப்பிட்டு வருவதற்குள் கன்டென்ட் ஐடி கிளெய்ம், அதாவது பாட்டு வேறு ஒருவருடையது என்று யூடியூபின் உரிமை பார்க்கும் முறை சொல்கிறது! அதே லூப்பில் பாட்டு செய்த ஏதோ வெளிநாட்டு ஆள், எல்லாம் தன்னுடையது என்று பதிந்திருக்கிறான். டிஸ்பியூட் (மறுப்பு) போட்டேன், 30 நாளில் அவனிடமிருந்து பதில் வரவில்லை, கிளெய்ம் தானாக விழுந்தது. லைசென்ஸ் இருந்தால் பயமில்லை என்பதெல்லாம் சும்மா.

தெகிவளை மாஸ்டர்:
தம்பி கொட்டாஞ்சேனை, சும்மா இல்லை. அந்த லூப்பை உங்கள் சொந்த இசைக்குள் வைத்து விற்க ஆப்பிள் அனுமதிக்கிறது, லூப்பைத் தனியாக விற்கத்தான் கூடாது. எல்லாருக்கும் பொதுவான லூப்பை ஒருவன் தனக்கு மட்டும் என்று கன்டென்ட் ஐடியில் பதிய முடியாது, பிழை அவனுடையது. இனிமேல் கிளெய்ம் வந்தால் 5 நாளுக்குள் டிஸ்பியூட் போடுங்கள், முதல் நாளிலிருந்து வரும் காசு ஒதுக்கி வைக்கப்படும். பாட்டை விநியோகிக்கக் கொடுக்கும்போது கன்டென்ட் ஐடி பெட்டியில் டிக் போடாதீர்கள், பிறகு நீங்களும் அந்த ஆள் மாதிரித்தான். பாட்டு செய்த புரொஜெக்ட் ஃபைலை அழிக்கவே வேண்டாம், நீங்கள் செய்ததற்கு அதுதான் சாட்சி. என் கதை சின்னது: கல்யாண வீடியோ எடுக்கும் பையன் ஏஐ பாட்டு செய்து தரும் சுனோவில் இலவசக் கணக்கில் செய்த பாட்டைக் கொண்டுவந்தான். விற்கக் கூடாது என்றேன், "இப்ப காசு கட்டிட்டேனே அண்ணா" என்றான். கட்டினதற்குப் பிறகு செய்கிற பாட்டுக்குத்தான் அந்த உரிமை, பழையதற்கு இல்லை. நம்பாமல் போனான்.

மருதானை ராகம்:
மாஸ்டர், கேட்டவருக்குப் பதிலே சொல்லவில்லையே. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆக்கியவருக்குத்தான் உரிமை. சம்பளத்துக்கு வேலை செய்தபோது ஆக்கியது என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சம்பளம் கொடுத்த முதலாளிக்குப் போகும். ஸ்டூடியோவை வாடகைக்கு எடுத்தவர் அந்த ஸ்டூடியோக்காரரின் வேலையாள் இல்லையே. ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டுதான், அதுவும் முன்னின்று பொறுப்பெடுத்துப் பதிவு செய்தவருக்கு, கதவைத் திறந்துவிட்டவருக்கு இல்லை.

வெள்ளவத்தை கீபோர்ட்:
நன்றி அண்ணா, இதையெல்லாம் முதலாளிக்கும் சொன்னேன். தலையை ஆட்டினார். மிச்சக் காசு இன்னும் வரவில்லை, பொங்கல் விளம்பரத்தை அந்த ஸ்டூடியோக்காரரிடமே கொடுத்துவிட்டாராம்.