மண் வேலைக்கு எந்த மேசைப்பரப்பு நல்லது? எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்கிறது

ஈரக்கை:

வணக்கம். வீட்டில் ஒரு மூலையை ஒதுக்கி மண் வேலை ஆரம்பித்திருக்கிறேன். சக்கரம் இல்லை, எல்லாம் கையால்தான். மண்ணைத் தகடாக உருட்டிச் சின்னக் கிண்ணம், தட்டு, அப்புறம் இடையிடையே சிறு உருவங்கள். இருக்கிற மேசை மைக்கா ஒட்டியது. அதில் வைத்து உருட்டினால் மண் அப்படியே பிடித்துக்கொள்கிறது, கத்தியை விட்டுச் சுரண்டி எடுத்தால் தகடு கோணிவிடுகிறது. பிளாஸ்டிக் தாள் விரித்தால் அது சுருங்கி மண்ணில் மடிப்பு விழுகிறது. செய்தித்தாள் கொஞ்ச நேரத்திலேயே நனைந்து கிழிகிறது.

ஒருவர் கேன்வாஸ் என்கிறார், ஒருவர் பிளாஸ்டர் பலகை, இன்னொருவர் கண்ணாடி. மூன்றையும் வைக்க இடமில்லை. ஒன்றே ஒன்றுதான் என்றால் எது? பாலிமர் களிமண்ணும் கொஞ்சம் கைவசம் இருக்கிறது, அதையும் அதே மேசையில் செய்யலாமா? காற்றுக் குமிழி இருந்தால் சூளையில் வெடிக்கும் என்று வேறு பயமுறுத்துகிறார்கள், அதற்காக எவ்வளவு நேரம் பிசைய வேண்டும்?

மண்பதம்:

மைக்காவில் ஒட்டுவது மண்ணின் குறை இல்லை. பாக்கெட்டிலிருந்து எடுக்கும் மண்ணில் எடைக்கு 20 முதல் 25 சதவீதம் வரை தண்ணீர்தான். அமுக்கி உருட்டும்போது அந்த ஈரம் அடிப்பக்கத்தில் சேரும். மைக்கா, கண்ணாடி, பளிங்கு எதுவும் அதை உறிஞ்சாது, அதனால் நடுவில் மெல்லிய சேற்றுப் படலம் உண்டாகிப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே ஈரமான மண்ணுக்குக் கொஞ்சம் உறிஞ்சும் பரப்பு வேண்டும், அதே சமயம் ரொம்ப உறிஞ்சிவிடவும் கூடாது.

ஒன்றே ஒன்று என்றால் என் ஓட்டு கேன்வாஸ் போர்த்திய ப்ளைவுட்டுக்கு. 18 மி.மீ. கனம் இருந்தால் வளையாது. துணி தடிமனான பருத்தியாக, எந்தப் பூச்சும் இல்லாததாக இருக்க வேண்டும் (ஓவியம் வரைய வெள்ளை பூசி விற்பது உதவாது, அது தண்ணீரை உள்ளே விடாது). நனைத்து, ஈரமாக இருக்கும்போதே இழுத்துப் பலகையின் அடியில் பின் அடித்துவிட்டால் காயும்போது இன்னும் விறைப்பாகும். தொளதொளவென்று இருந்தால் ஒவ்வொரு சுருக்கமும் மண்ணில் பதியும்.

உருட்டுவதிலும் விஷயம் இருக்கிறது. எடுத்த எடுப்பில் கட்டையை வைத்து அமுக்காமல், முதலில் உள்ளங்கையால் தட்டிப் பரப்புங்கள். இருபுறமும் ஒரே கனமான குச்சி வைத்து, 6 முதல் 8 மி.மீ. வரை, அதன் மேல் கட்டையை ஓட்டுங்கள். இரண்டு மூன்று முறை உருட்டியதும் தகட்டைத் துணியிலிருந்து பிரித்துத் திருப்பிப் போட்டுவிட வேண்டும். ஒரே பக்கமாக உருட்டிக்கொண்டே போனால் அடிப்பக்கம் துணியின் இழைக்குள் இறங்கிவிடும், அதன்பிறகு அது நீளாது, மேல்பக்கம் மட்டும் நீளும். முடிந்ததும் இரண்டு பக்கத்தையும் ரப்பர் தகட்டால் அழுத்தி வழித்தால் துணித் தடமும் போகும், மண்ணும் இறுகும்.

மைக்கா மேசையைத் தூக்கிப் போட வேண்டாம். கயிறுபோல் மண்ணைத் திரிக்க அதுதான் நல்லது. துணியில் திரித்தால் சீக்கிரம் உலர்ந்து, வளைக்கும்போது வெடிப்பு விடும். ஈரப் பஞ்சால் மேசையை லேசாக ஒரு துடைப்பு துடைத்துவிட்டுத் திரித்துப் பாருங்கள். தோல் பதத்துக்கு (பாதி காய்ந்து விறைத்த, ஆனால் உள்ளே இன்னும் ஈரமுள்ள நிலை) வந்த சாமானும் மைக்காவில் ஒட்டாது.

தூசிக்கு_எதிரி:

மேலே சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டுக்குள், அதுவும் படுக்கிற அறையை ஒட்டி வேலை செய்கிறவருக்குக் கேன்வாஸைப் பரிந்துரைக்கவே மாட்டேன். இழைக்குள் போன மண் காய்ந்து பொடியாகி, அடுத்த முறை கட்டையால் தட்டும்போதெல்லாம் எழும்பும். களிமண்ணில் சிலிக்கா உண்டு, அதில் கண்ணுக்கே தெரியாத நுண்துகள் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். வருஷக்கணக்கில் சுவாசித்தால் சிலிக்கோசிஸ். நுரையீரலில் விழுந்த வடு திரும்பச் சரியாகாது. எப்போதாவது மண்ணைத் தொடுகிறவர் நடுங்க வேண்டியதில்லை, ஆனால் பழக்கத்தை ஆரம்பத்திலேயே சரியாக வைத்துக்கொள்வது சுலபம்.

நான் வைத்திருப்பது சிமெண்ட் ஃபைபர் பலகை, வெறும் பலகை, மேலே துணி எதுவும் இல்லை. அளவாக உறிஞ்சும், ஈரப் பஞ்சால் துடைத்தால் சுத்தமாகிவிடும், நனைந்தாலும் உப்பாது. வெட்டிய விளிம்புகளில் மட்டும் டேப் ஒட்டிவிடுங்கள், ஏனென்றால் அந்த விளிம்பு உதிர்ந்தால் அதுவும் சிலிக்காத் தூசிதான். பலகையை வெட்டும் வேலையைக் கடையிலேயே முடித்து வாங்குங்கள், வீட்டில் ரம்பத்தை எடுக்க வேண்டாம். எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த) பலகை முதல் நாள் அருமையாக இருக்கும், தண்ணீர் பட்டுப் பட்டு விளிம்பு பூரித்துவிடும். வார்னிஷ் அடித்துக் காப்பாற்றலாம் என்றால் அது உறிஞ்சாது, மறுபடி மைக்கா கதைதான்.

பிளாஸ்டர் பலகையைத் தகடு உருட்டும் மேசையாக வைக்காதீர்கள். அது ஈரத்தை வேகமாக இழுக்கும், அதனால் தொளதொள மண்ணைப் பதத்துக்குக் கொண்டுவர மட்டும்தான் சரி. அதன் மேல் உலோகத் தகடோ கத்தியோ வைத்துச் சுரண்டவே கூடாது. ஒரு சில்லு பெயர்ந்து மண்ணோடு கலந்தால், சுட்ட பிறகு அது ஈரத்தை இழுத்து உப்பி, மேலே இருக்கும் மண்ணைச் செதிலாகத் தள்ளிவிடும். சில சமயம் சூளையை விட்டு எடுத்து வாரக்கணக்கில் கழித்துக்கூட நடக்கும்.

அப்புறம், காய்ந்த மண்ணைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், துணியை உதறாதீர்கள், காய்ந்த சாமானை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். எல்லாவற்றையும் ஈரத்தோடு.

மண்பதம்:

துணியையே ஒதுக்க வேண்டும் என்பதை ஏற்க மாட்டேன். வேலை முடிந்ததும் ஈரப் பஞ்சால் வழித்து, அவ்வப்போது கழற்றி வாளியில் அலசினால் போதும். பின் அடிக்காமல் கவ்வி போட்டு மாட்டினால் கழற்றுவதும் எளிது. சிமெண்ட் பலகையில் உருட்டிய தகடு கையில் எடுப்பதற்குள் அடிப்பக்கம் மட்டும் உலர்ந்துவிடுகிறது என்று எனக்குப் பட்டது. உங்களுக்கு அப்படி இல்லையா?

தூசிக்கு_எதிரி:

முதலில் ஈரப் பஞ்சால் பலகையை ஒரு முறை துடைத்துவிட்டு ஆரம்பித்தால் அந்தப் பிரச்சினை வராது. உலர்ந்த பலகை தாகத்தோடு இருக்கும். கழற்றி அலசுகிறேன் என்று சொல்கிறவர்களில் எத்தனை பேர் உண்மையில் அலசுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி, சண்டைக்கு வராதீர்கள் :)

சின்னஉருவம்:

பாலிமர் பற்றி யாரும் சொல்லவில்லையே. பெயரில்தான் களிமண், உள்ளே இருப்பது பிவிசியும் அதை மென்மையாக்கும் எண்ணெய் மாதிரியான வேதிப்பொருளும். தண்ணீரே கிடையாது, அதனால் மேலே பேசியதெல்லாம் இங்கே தலைகீழ். உறிஞ்சும் பரப்பு வேண்டாம். காகிதத்தில் ரொம்ப நேரம் வைத்தால் அந்த எண்ணெயை அது இழுத்து மண் விறைத்துவிடும் (மிக மென்மையாக இருப்பதைச் சரிசெய்ய வேண்டுமென்றே இப்படிச் செய்வதும் உண்டு). கண்ணாடி அல்லது மெருகிட்ட டைல்ஸ் ஒன்று போதும். டைல்ஸில் இன்னொரு வசதி, செய்ததைப் பெயர்க்காமல் அப்படியே சுடும் ஓவனுக்குள் வைக்கலாம். வெப்பம் பிராண்டுக்கு ஏற்ப 110 முதல் 150 டிகிரி வரை மாறும், பொட்டலத்தில் போட்டிருப்பதைப் பாருங்கள். அதைத் தாண்டிக் கருகினால் வரும் புகை மோசமானது.

வார்னிஷ் அடித்த மேசை, பாலிஸ்டைரீன் டப்பா இரண்டிலும் சுடாத பாலிமரை விட்டுவைக்காதீர்கள். அந்த மென்மையாக்கி அவற்றைக் கரைத்து, மேசையில் ஒரு பிசுபிசுத்த வட்டம் விழும். பாலிஎத்திலீன் பை, பாலிப்ரொப்பிலீன் டப்பா சரி. சூளை மண் புழங்கும் துணியில் கண்டிப்பாக வைக்காதீர்கள், ஒவ்வொரு தூசும் இழையும் வெள்ளை பாலிமரில் தெரியும்.

எண்ணெய்க் களிமண் (தண்ணீருக்குப் பதில் எண்ணெயும் மெழுகும் கலந்தது, காயாது) வாங்கும் எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை: கந்தகம் கலந்த வகையில் உருவம் செய்து பிளாட்டினம் வகை (பிளாட்டினம் வினையூக்கியால் இறுகும்) சிலிக்கோனில் அச்சு எடுத்தால் சிலிக்கோன் இறுகாமல் கொழகொழவென்றே நிற்கும். கந்தகமில்லாதது என்று எழுதியிருப்பதை வாங்குங்கள்.

ஈரக்கை:

நன்றி எல்லோருக்கும். சிமெண்ட் பலகையும், பாலிமருக்குத் தனியாக ஒரு டைல்ஸும் என்று முடிவு செய்துவிட்டேன். குமிழி விஷயம் இன்னும் பாக்கி. அதோடு இன்னொன்று, தட்டுகள் காயும்போது ஓரம் மேலே தூக்கிக்கொள்கிறது. இதுவும் பரப்பால்தானா?

சூளையடி:

ஓரம் தூக்குவதில் பரப்புக்குப் பங்கு உண்டு. வைத்திருக்கும் பலகை உறிஞ்சாததாக இருந்தால் மேல்பக்கம் மட்டும் காய்ந்து சுருங்கும், அடிப்பக்கம் ஈரமாகவே கிடக்கும், சுருங்கும் பக்கம் ஓரத்தை இழுத்துத் தூக்கும். மண் காயும்போது மட்டுமே 5 முதல் 8 சதவீதம் வரை சுருங்கும், அதனால் இந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை. தட்டையான சாமானை இரண்டு ஜிப்சம் பலகைகளுக்கு நடுவே வைத்துக் காயவிடுங்கள் (அதன் விளிம்பிலும் டேப் ஒட்டுங்கள், உதிர்வது பிளாஸ்டர்தான்). விளிம்பு உயர்ந்த தட்டென்றால் தோல் பதத்தில் கவிழ்த்து வையுங்கள், ஓரத்தை மெல்லிய பிளாஸ்டிக்கால் மூடுங்கள். அடியில் ஒரு தாள் போட்டால் சுருங்கும்போது மண் தடையில்லாமல் நகரும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. தகட்டைத் தூக்கும்போது ஒரு ஓரத்தைப் பிடித்து வளைத்தீர்களா? பிறகு அமுக்கிச் சமமாக்கினாலும், மண் அந்த வளைவை மறக்காது, காயும்போதோ சூளையிலோ திரும்ப வளையும். அதனால் தூக்காதீர்கள். மேலே ஒரு பலகை வைத்து, இரண்டு பலகையையும் சேர்த்துப் பிடித்துக் கவிழ்த்துவிடுங்கள்.

குமிழி: சூளையில் வெடிப்பதற்கு முக்கியக் காரணம் காற்று இல்லை, மிச்சமிருக்கும் ஈரம். தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,600 மடங்கு விரியும், தடிமனான சுவருக்குள் அது வெளியேற வழி கிடைக்காவிட்டால் உடைத்துக்கொண்டு வரும். நன்றாகக் காய்ந்த சாமானில் குமிழி இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கன்னத்தில் வைத்துப் பாருங்கள், குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. உருவங்களை உள்ளே குடைந்து சுவரை 2 செ.மீ.க்குள் வைத்துக்கொண்டால், உள்வெளிக்கு ஒரு ஊசித் துளையும் விட்டால், பயப்பட வேண்டியதில்லை.

ஆனாலும் பிசைய வேண்டும், ஏனென்றால் ஒரு பக்கம் இறுகி ஒரு பக்கம் இளகி இருக்கும் மண் சீராக உருளாது. புதுப் பாக்கெட் மண்ணுக்குக் கொஞ்சம் போதும், மறுபடி ஊறவைத்த பழைய மண்ணுக்கு அதிகம். நேரக் கணக்கு பார்க்காமல் கம்பியால் இரண்டாக அறுத்துப் பாருங்கள். வெட்டுமுகத்தில் ஓட்டையோ நிற வரியோ இல்லையென்றால் முடிந்தது. மடித்து மடித்து அமுக்காதீர்கள், மடிப்புதான் காற்றை உள்ளே அடைக்கும், தள்ளிச் சுருட்டித் தள்ளுங்கள்.

பிசையும் மேசை தாழ்வாக இருக்க வேண்டும், கையைத் தொங்கவிட்டால் முஷ்டி மேசையைத் தொடும் உயரம். அப்போதுதான் உடம்பு எடை வேலை செய்யும், மணிக்கட்டு வலிக்காது. உருவம் செய்யும்போது இதற்கு நேர்மாறாக உயரமாக வேண்டும், இல்லையென்றால் கழுத்து போய்விடும். ஒரே மேசைதான் என்றால் தாழ்வாக வைத்துக்கொண்டு, உருவம் செய்யும்போது மேலே ஒரு பெட்டியும் சுழல்பலகையும் ஏற்றிவிடுங்கள்.

வேலை செய்யும்போது விரலைத் தண்ணீரில் முக்கி முக்கித் தடவுவது நல்லதில்லை, மேல்தோல் சேறாகி உள்ளே உலர்ந்து வெடிப்பு வரும், ஈரப் பஞ்சைப் பக்கத்தில் வைத்து விரலை அதில் ஒற்றிக்கொண்டால் போதும். கையை மட்டும் குழாயடியில் கழுவாதீர்கள், வாளியில் கழுவித் தெளியவிட்டு மேல் தண்ணீரை ஊற்றுங்கள், அடியில் தங்கும் சேறு காய்ந்த துண்டுகளை ஊறவைக்க ஆகும். தோல் பதத்தில் இருப்பதை அப்படியே தண்ணீரில் போட்டால் சரியாகக் கரையாது. எலும்புபோலக் காயவிட்டுப் போடுங்கள், தானாகவே உதிர்ந்துவிடும்.

ஈரக்கை:

காய்ந்ததுதான் சீக்கிரம் கரையுமா! ஒரு வாளி நிறையத் துண்டுகள் ஈரமாகவே கிடக்கின்றன, வெயிலில் பரப்பிவிட்டு வருகிறேன்.